வெள்ளை மாளிகை வாசலில் நின்ற மாதர்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அரசியல் சாசனத்தைத் திருத்தும் காரியத்தில் அந்நாட்டு ஜனாதிபதிக்குச் சட்டப்படி யாதொரு பங்கும் இல்லை. காங்கிரஸின் இரு சபைகளும் மூன்றில் இரு பங்கு ஆதரவோடு ஒரு திருத்தத்தை நிறைவேற்றி, மாகாணங்களுள் நான்கில் மூன்று பங்கின் சட்டசபைகள் அதனை ஊர்ஜிதம் செய்துவிட்டால், அது சாசனத்தின் அங்கமாகிவிடுகிறது. ஜனாதிபதியின் கையெழுத்து அதற்குத் தேவையுமில்லை, அவருடைய மறுப்பு அதனைத் தடுப்பதுமில்லை. அப்படியிருக்க, 1917-ஆம் ஆண்டு ஜனவரி 10-ஆம் தேதி தொடங்கி, ஞாயிறு நீங்கலாக நாள்தோறும், வாக்குரிமை வேண்டிய மாதர் கொடிகளை ஏந்திக்கொண்டு வெள்ளை மாளிகையின் வாசலில் பனியிலும் மழையிலும் வாய் திறவாமல் நின்றது எதற்காக?

சட்டம் கொடாத செல்வாக்கை அரசியல் வழக்கம் அவருக்குக் கொடுத்திருந்தது என்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தார்கள். ஜனாதிபதி தம் கட்சியின் தலைவர், பதவிகளை வழங்குகிறவர், ஒரு காரியம் நடந்தாக வேண்டும் என்று அவர் மனப்பூர்வமாகச் சொல்லிவிட்டால், தயங்கிக்கொண்டிருக்கும் பத்துப் பேர் இந்தப் பக்கம் சாய்வார்கள், அவர் மௌனமாயிருந்தால், அந்த மௌனத்தையே எதிரிகள் கேடயமாக்கிக்கொள்வார்கள். பெண்ணுரிமையின் சரித்திரத்தைச் சொல்லுகிறவர்கள் இன்ன ஜனாதிபதி இன்ன சட்டத்தில் கையொப்பமிட்டார் என்று வரிசையாக அடுக்கிக்கொண்டு போவதுண்டு. அந்த வரிசை பொய்யன்று. ஆயினும், அந்தக் கையொப்பங்களுள் அநேகமாக ஒவ்வொன்றையும் எவரேனும் சில பெண்கள் பல ஆண்டுகள் பாடுபட்டு, சில சமயம் தங்கள் உடம்பையே பணயம் வைத்து வருவித்தார்கள் என்பதைச் சேர்த்துச் சொல்லாவிட்டால், அது பாதிக் கதையாகவே நின்றுவிடும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

கதை, அமெரிக்கா தன் சுதந்திரத்தைப் பிரகடனம் செய்வதற்கு மூன்று மாதங்களுக்கு முன்பே தொடங்குகிறது. 1776 மார்ச் 31-ஆம் தேதி, மாஸசூஸெட்ஸில் குழந்தைகளையும் பண்ணையையும் ஒருத்தியாகப் பராமரித்துக்கொண்டிருந்த அபிகேல் ஆடம்ஸ், பிலடெல்பியாவில் தேசப் பிரதிநிதிகளின் சபையில் அமர்ந்திருந்த தம் கணவர் ஜான் ஆடம்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். புதிய சட்டங்களை இயற்றும்போது பெண்களையும் நினைவில் வைக்க வேண்டும், கணவன்மாரின் கையில் எல்லையற்ற அதிகாரத்தை ஒப்படைத்துவிடக் கூடாது, தங்களுக்குக் குரலில்லாத சட்டங்களுக்குக் கட்டுப்பட மாதர் மறுப்பார்கள் என்று அவர் எழுதியிருந்தார். இரண்டு வாரங்களில் வந்த பதிலில், இந்த வேண்டுகோளைக் கண்டு தமக்குச் சிரிப்புத்தான் வருகிறது என்று கணவர் எழுதினார். அவரே பின்னர் அமெரிக்காவின் இரண்டாவது ஜனாதிபதி. அக்காலச் சட்டப்படி, விவாகமான ஸ்திரீக்குத் தன் பெயரில் சொத்து இல்லை, அவள் உழைத்து ஈட்டிய கூலியும் அவளுடையதன்று, ஒப்பந்தம் செய்யவும் வழக்காடவும் அவளுக்குத் தனி நிலை கிடையாது. நியூஜெர்ஸி என்ற ஒரே மாகாணத்தில் மட்டும், சொத்துள்ள விதவைகளும் கன்னிப்பெண்களும் 1776 முதல் வாக்களித்துவந்தார்கள். 1807-இல் அதுவும் பறிக்கப்பட்டது.

1848 ஜூலையில், நியூயார்க் மாகாணத்துச் செனகா ஃபால்ஸ் என்ற சிற்றூரில், எலிஸபெத் கேடி ஸ்டான்டன், லுக்ரீஷியா மாட் ஆகியோர் கூட்டிய மாநாடு, பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டும் என்ற தீர்மானத்தை நிறைவேற்றியது. அந்த மாநாட்டின் பிரகடனத்தில் 68 பெண்களும் 32 ஆண்களும் கையெழுத்திட்டார்கள். அந்தப் பெண்களுள் ஒருத்தி மட்டுமே அவ்வுரிமை கிட்டும் காலம்வரை உயிரோடிருந்தாள் என்றால், காத்திருப்பின் நீளத்தை ஊகித்துக்கொள்ளலாம்.

காத்திருக்க மனமில்லாதவர் சூசன் பி. அந்தோணி. உள்நாட்டு யுத்தத்துக்குப் பின் நிறைவேறிய பதினான்காவது திருத்தம், அமெரிக்காவில் பிறந்த எல்லாரும் பிரஜைகள் என்று கூறுகிறது. பிரஜைக்கு வாக்குரிமை உண்டென்றால் தமக்கும் உண்டு என்ற வாதத்தோடு, 1872 நவம்பர் 5-ஆம் தேதி ராசெஸ்டர் நகரில் அவரும் வேறு சில பெண்களும் வாக்களித்தார்கள். அப்போது மீண்டும் போட்டியிட்ட ஜனாதிபதி கிராண்ட்டுக்கே அவர் தம் வாக்கை அளித்தார். சில நாட்களுக்குள் கைதானார். மறு ஆண்டு ஜூனில் நடந்த விசாரணையில், அவர் தமக்காகச் சாட்சி சொல்லவும் அனுமதிக்கப்படவில்லை; ஜூரிகள் கலந்தாலோசிக்க இடங்கொடாமல், குற்றவாளி என்ற தீர்ப்பை எழுதுமாறு நீதிபதியே அவர்களுக்குக் கட்டளையிட்டார். விதிக்கப்பட்ட அபராதம் 100 டாலர். அதில் ஒரு காசும் கட்டப்போவதில்லை என்று அவர் நீதிமன்றத்திலேயே அறிவித்தார், கடைசிவரையில் கட்டவுமில்லை. பெண்களை வாக்களிக்க அனுமதித்த குற்றத்துக்காகச் சிறைசென்ற தேர்தல் அலுவலர்களை ஜனாதிபதி கிராண்ட் 1874-இல் மன்னித்தார். அந்தோணி மன்னிப்புக் கேட்கவுமில்லை, அவருக்கு அது வழங்கப்படவுமில்லை. ஒன்றரை நூற்றாண்டு கழித்து, 2020 ஆகஸ்ட் 18-இல், ஜனாதிபதி டிரம்ப் அவருக்கு மன்னிப்பு வழங்கியபோது, ராசெஸ்டரில் அந்தோணியின் இல்லத்தை நினைவகமாகப் பேணிவரும் அமைப்பார், அதனை ஏற்பது அந்த விசாரணையை நியாயமானதென்று ஒப்புக்கொள்வதாகும் என்று சொல்லி மறுத்துவிட்டார்கள். மறைந்த பெருமாட்டியின் மனத்தை அறிந்தவர்கள் செய்த காரியம் அது.

இடைப்பட்ட ஜனாதிபதிகளைப்பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1879-இல், சுப்ரீம் கோர்ட்டில் பெண் வக்கீல்களும் வாதாடலாம் என்ற சட்டத்தில் ஹேஸ் கையொப்பமிட்டார்; அதற்காகக் காங்கிரஸ் அங்கத்தினர்களின் வாசற்படிகளைத் தேய்த்தவர் பெல்வா லாக்வுட் என்ற வக்கீல். இருமுறை ஜனாதிபதியாயிருந்த கிளீவ்லாந்து, ஓய்வுபெற்றபின் 1905-இல் ஒரு மாதர் பத்திரிகையில் பெண்களின் வாக்குரிமையைக் கண்டித்து எழுதினார். டாஃப்ட் 1910-இல் வாக்குரிமைச் சங்கத்தின் மாநாட்டுக்கே சென்று, இந்த அதிகாரம் தகுதியற்ற பெண்களின் கையில் போய்ச்சேரும் என்று தாம் அஞ்சுவதாகப் பேச, சபையில் சீறொலி எழுந்தது. தியடோர் ரூஸ்வெல்ட், வாலிபப் பருவத்தில் ஹார்வர்டில் ஆண்-பெண் சமத்துவத்தைப்பற்றி ஆராய்ச்சிக் கட்டுரை எழுதியவர். எனினும் ஜனாதிபதியாயிருந்த காலத்தில் அதற்காக விரலை அசைக்காமல், பதவி நீங்கியபின் 1912-இல் புதிய கட்சி தொடங்கியபோதுதான் வாக்குரிமையைத் தம் கொள்கையாக அறிவித்தார்.

அவ்வாண்டு ஜனாதிபதித் தேர்தலில் வென்றவர் வுட்ரோ வில்ஸன். வர்ஜீனியாவில் பிறந்து தென்மாகாணச் சூழலில் வளர்ந்தவர். பிரின் மார் மாதர் கல்லூரியில் ஆசிரியராயிருந்தவர். பிரின்ஸ்டன் சர்வகலாசாலையின் தலைவர். அமெரிக்க ஜனாதிபதிகளுள் ஆராய்ச்சியால் டாக்டர் பட்டம் பெற்றவர் அவர் ஒருவரே. இத்தனை படித்த மனிதர், மக்களாட்சியின் பெருமையை ஓயாது பேசியவர், தம் தேசத்து மக்களில் பாதிப் பேர் அந்த ஆட்சியில் பங்கின்றி நிற்பதைக் காண ஐந்து ஆண்டுகள் எடுத்துக்கொண்டார். அவ்வைந்து ஆண்டுகளைச் சற்று விரிவாகப் பார்ப்பது தகும்.

அவர் பதவியேற்பதற்கு முந்தின நாள், 1913 மார்ச் 3-ஆம் தேதி, வாஷிங்டனின் பென்சில்வேனியா வீதியில் 5,000-க்கு மேற்பட்ட மாதர் ஊர்வலமாகச் சென்றார்கள். அதனை ஏற்பாடு செய்தவர் ஆலிஸ் பால். நியூஜெர்ஸியில் க்வேக்கர் குடும்பத்தில் பிறந்து, இங்கிலாந்தில் வாக்குரிமைப் போராட்டத்தில் சேர்ந்து சிறையில் பட்டினிகிடந்து திரும்பியிருந்த இருபத்தெட்டு வயதுப் பெண் அவர். வெண்குதிரைமீது இனெஸ் மில்ஹாலண்ட் முன்னே செல்ல, பின்னே அணியணியாக வந்த பெண்களைக் கூட்டம் நெருக்கியது, பிடித்துத் தள்ளியது, வாயில் வந்தபடி ஏசியது, போலீஸார் கண்டும் காணாதவர்போல் நின்றார்கள், கடைசியில் குதிரைப்படை வந்துதான் வழிவிலக்கியது. ஏறத்தாழ நூறு பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அந்த ஊர்வலத்திலேயே இன்னொரு அநீதியும் நிகழ்ந்தது. தென்மாகாணத்தார் மனம் கோணக்கூடாதென்று, கறுப்பின மாதர் கடைசி வரிசையில் வரவேண்டும் என்று சொல்லப்பட்டது. ஐடா பி. வெல்ஸ் அதற்கு இணங்கவில்லை. வீதியோரத்தில் கூட்டத்தோடு கூட்டமாகக் காத்திருந்து, தம் இல்லினாய் மாகாணத்து அணி வந்ததும் அதனுள் புகுந்து, இரு வெள்ளைத் தோழியரின் நடுவே தலைநிமிர்ந்து நடந்தார். உரிமை கேட்கிறவர்களும் பிறர் உரிமையை மறுக்கக்கூடும் என்ற இந்தக் கசப்பான உண்மை, பெண்ணுரிமை இயக்கத்தைப் பின்னரும் நெடுங்காலம் தொடர்ந்து வந்தது.

பதவியேற்ற இரண்டு வாரங்களுக்குள் ஆலிஸ் பால் ஒரு தூதுக்குழுவோடு வில்ஸனைக் கண்டார். இந்த விஷயத்தைத் தாம் இன்னும் ஆலோசித்ததில்லை என்றார் ஜனாதிபதி. பின்னொருமுறை வந்தவர்களிடம், தம் கட்சி முடிவு செய்யாததைத் தாம் சொல்லலாகாது என்றார். வேறொருமுறை, அது அந்தந்த மாகாணம் தீர்மானிக்க வேண்டிய காரியம் என்றார். 1915 அக்டோபரில், தாம் வாக்காளராயிருந்த நியூஜெர்ஸியில் நடந்த பொதுஜன வாக்கெடுப்பில், ஒரு சாதாரணப் பிரஜையாகச் சென்று மாதர் வாக்குரிமைக்குச் சாதகமாக வாக்களித்தார், அத்தீர்மானம் தோற்றது, அவரும் அத்துடன் நின்றார். அடுத்த ஆண்டு இலையுதிர்காலத்தில், மேடையில் பேசிக்கொண்டிருக்கும்போதே மயங்கி விழுந்த இனெஸ் மில்ஹாலண்ட் சில வாரங்களில் காலமானார். அவருக்கு வயது முப்பது. அவருடைய நினைவுக்கூட்டத்தில் நிறைவேறிய தீர்மானங்களை 1917 ஜனவரி 9-ஆம் தேதி முந்நூறு மாதர் ஜனாதிபதியிடம் கொண்டுபோனார்கள். பொதுஜன அபிப்பிராயத்தைத் திரட்டிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து போய்விட்டார். அதற்கு மறுநாள்தான் அவர்கள் வாசலில் வந்து நின்றார்கள்.

ஊதா, வெண்மை, பொன் ஆகிய மூன்று நிறங்களில் கொடிகள். சுதந்திரத்துக்காகப் பெண்கள் இன்னும் எத்தனை காலம் காத்திருப்பது என்று ஜனாதிபதியை வினவும் வாசகங்கள். கோஷமோ பிரசங்கமோ இல்லாத மௌனம். முதலில் வில்ஸன் தம் வண்டியில் வாயிலைக் கடக்கும்போது தொப்பியை உயர்த்தி மரியாதை செய்தார். கடுங்குளிரான ஒருநாள், உள்ளே வந்து சூடாகக் காப்பி அருந்துமாறு சொல்லி அனுப்பினார். அவர்கள் நன்றி சொல்லி மறுத்துவிட்டார்கள். ஏப்ரலில் அமெரிக்கா மகாயுத்தத்தில் இறங்கியதும் சூழ்நிலை மாறிற்று. உலகத்தில் மக்களாட்சியைக் காக்கவே போர்புரிவதாக ஜனாதிபதி முழங்கியபோது, அவர் வாக்கியங்களையே கொடியில் எழுதி அவர் வாசலிலேயே பிடித்தார்கள் பெண்கள். கூட்டத்தார் கொடிகளைக் கிழித்தார்கள். போலீஸார் கிழித்தவர்களை விட்டுவிட்டுப் பிடித்தவர்களைக் கைதுசெய்தார்கள். குற்றம்: நடைபாதைப் போக்குவரத்துக்கு இடையூறு. 25 டாலர் அபராதம் அல்லது மூன்று நாள் சிறை என்று தொடங்கிய தண்டனை, அறுபது நாட்களாகி, ஆலிஸ் பால் கைதானபோது ஏழு மாதங்களாயிற்று. இதைப் பொறாமல், வில்ஸனின் அத்யந்த நண்பரும் நியூயார்க் துறைமுகச் சுங்க அதிகாரியுமான டட்லி ஃபீல்ட் மலோன், தம் பதவியை ராஜிநாமாச் செய்து, அந்தப் பெண்களுக்காக வாதாட முன்வந்தார்.

1917 நவம்பர் 14-ஆம் தேதி இரவு, வர்ஜீனியாவில் ஆக்கோக்வான் என்ற இடத்திலிருந்த சிறைக்குப் புதிதாகக் கொண்டுவரப்பட்ட முப்பதுக்கு மேற்பட்ட மாதருக்கு நேர்ந்ததை எழுதவே கை கூசுகிறது. காவலர்கள் அவர்களை இழுத்தும் தூக்கியும் இருட்டறைகளில் எறிந்தார்கள். லூஸி பர்ன்ஸின் கைகளைத் தலைக்கு மேலே உயர்த்திச் சிறைக் கம்பியோடு விலங்கிட்டு, இரவு முழுவதும் நிற்க வைத்தார்கள். டோரா லூயிஸ் தலை இரும்புக் கட்டிலில் மோதி நினைவிழந்தார். அவர் இறந்துவிட்டார் என்றே மற்றவர்கள் எண்ணினார்கள். அவர்களோடு இருந்த மேரி நோலன் என்ற மூதாட்டிக்கு வயது 73. வாஷிங்டன் சிறையிலோ, உண்ணாவிரதமிருந்த ஆலிஸ் பாலைச் சித்தசுவாதீனமற்றவர் இருக்கும் பகுதிக்கு மாற்றி, குழாயைத் தொண்டைக்குள் செலுத்தி ஆகாரத்தைப் பலவந்தமாகப் புகட்டினார்கள். அவருக்குப் புத்தி பிசகிவிட்டதா என்று சோதிக்க வைத்தியர்களையும் அனுப்பினார்கள். அவர் தெளிவோடு தம் கட்சியை எடுத்துரைத்தார். செய்தி வெளியே கசிந்தது. நவம்பர் மாத முடிவில் எல்லாரும் விடுதலையானார்கள். மறு ஆண்டு மார்ச்சில், அந்தக் கைதுகளே சட்டவிரோதம் என்று மேல்கோர்ட்டு தீர்ப்பளித்தது.

இன்னொரு பக்கத்தில், பெரிய வாக்குரிமைச் சங்கத்தின் தலைவியான காரி சாப்மன் காட் முற்றிலும் வேறு வழியில் சென்றார். வாசலில் நிற்பதை அவர் விரும்பவில்லை. வில்ஸனோடு நட்புப் பூண்டு, யுத்தப் பணிகளில் சங்கத்தை ஈடுபடுத்தி, மாகாணம் மாகாணமாக வாக்குரிமையை வென்று வந்தார். 1917 நவம்பரில் ஜனத்தொகை மிகுந்த நியூயார்க் மாகாணமே இணங்கிவிட்டது. இவ்விருவருள் எவரால் வெற்றி கிட்டியது என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. ஆலிஸ் பாலின் கொடிகள் இல்லாவிடில் ஜனாதிபதிக்கு அவசரம் தோன்றியிராது. காரி காட்டின் நட்பு இல்லாவிடில் அவர் கௌரவத்தோடு இணங்குவதற்கு ஒரு வழி இருந்திராது. இருவரும் ஒருவரையொருவர் குறைகூறிக்கொண்டே ஒருவருக்கொருவர் உதவினார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

1918 ஜனவரி 9-ஆம் தேதி, வில்ஸன் தம் கட்சி அங்கத்தினர்களை அழைத்து, திருத்தத்தை ஆதரிக்குமாறு ஆலோசனை கூறினார். மறுநாள் பிரதிநிதிகள் சபை கூடியது. காங்கிரஸின் முதல் பெண் அங்கத்தினரான மான்டானா மாகாணத்து ஜெனட் ராங்கின் விவாதத்தைத் தொடங்கிவைத்தார். நோயுற்ற அங்கத்தினர் ஒருவர் படுக்கையோடு சபைக்குத் தூக்கிவரப்பட்டார். இன்னொருவர், வாக்குரிமையில் பற்றுக்கொண்ட தம் மனைவியின் மரணப்படுக்கையை விட்டு வந்து வாக்களித்துவிட்டு, அவளுடைய ஈமக்கிரியைக்குத் திரும்பினார். முடிவு 274-க்கு 136: வேண்டிய மூன்றில் இரு பங்கு அளவெடுத்தாற்போல் கிட்டிற்று. செனட் மட்டும் அசையவில்லை. கறுப்பினப் பெண்களுக்கும் வாக்கு வந்துவிடுமே என்ற அச்சம் தென்மாகாணத்துச் செனட்டர்களை விட்டபாடில்லை. மத்திய அரசாங்கக் காரியாலயங்களில் நிறபேதத்தை வளரவிட்ட வில்ஸனால் அந்த அச்சத்தைக் கண்டித்துப் பேச இயலவில்லை. எனினும், செப்டம்பர் 30-ஆம் தேதி, வழக்கத்துக்கு மாறாகத் தாமே செனட்டுக்கு நேரில் சென்று, யுத்தத்தின் துன்பத்திலும் தியாகத்திலும் பங்காளிகளாக்கிய பெண்களை உரிமையில் மட்டும் விலக்கிவைப்பது தகுமா என்று கேட்டார். மறுநாள் இரண்டே வாக்குகள் குறைந்து தீர்மானம் தோற்றது. 1919 பிப்ரவரியில் ஒரே வாக்கு குறைந்தது. ஜூன் 4-ஆம் தேதி 56-க்கு 25 என்று வென்றது.

அன்றிருந்த 48 மாகாணங்களில் 36 ஊர்ஜிதம் செய்ய வேண்டும். முப்பத்தைந்து வந்துவிட்ட நிலையில், 1920 கோடையில் வில்ஸன் டென்னஸி கவர்னருக்குத் தந்தியடித்து விசேஷக் கூட்டத்தைக் கூட்டச் செய்தார். நாஷ்வில் நகரத்தில் ஆதரவாளர் மஞ்சள் ரோஜாவையும் எதிர்ப்பாளர் சிவப்பு ரோஜாவையும் சட்டையில் குத்திக்கொண்டார்கள். ஆகஸ்ட் 18-ஆம் தேதி, தீர்மானத்தை ஒத்திப்போடும் பிரேரணை 48-க்கு 48 என்று சமமாக நின்றது. சிவப்பு ரோஜா அணிந்திருந்த ஹாரி பர்ன், சபையிலேயே இளையவர், 24 வயது, அடுத்த வாக்கெடுப்பில் சட்டென்று ஆதரவாகக் குரல் கொடுத்துவிட்டார். அவர் பையில் கிராமத்திலிருந்து தாயார் எழுதிய கடிதம் இருந்தது. நல்ல பிள்ளையாக வாக்குரிமைக்கு ஆதரவு கொடு என்று அதில் மகனுக்குச் சொல்லியிருந்தார். தாய்சொல்லைக் கேட்பதே பிள்ளைக்கு க்ஷேமம் என்று மறுநாள் அவர் சபையில் காரணம் கூறினார். எத்தனையோ மேதாவிகளின் பிரசங்கங்கள் செய்யாததை, பண்ணை வீட்டு விதவைத் தாய் ஒருத்தி எழுதிய கடிதம் செய்து முடித்தது. ஆகஸ்ட் 26-ஆம் தேதி காலையில், ராஜாங்கக் காரியதரிசி கோல்பி தம் வீட்டில், போராடிய பெண்களுள் ஒருவரையும் அழையாமல், திருத்தம் அமலுக்கு வந்ததாகக் கையெழுத்திட்டார்.

அத்தனைக்கும் பிறகு, எல்லாப் பெண்களும் வாக்களித்தார்கள் என்று எண்ணிவிடலாகாது. அமெரிக்கப் பழங்குடி மக்கள் யாவருக்கும் பிரஜாவுரிமை வந்ததே 1924-இல்தான். தென்மாகாணங்களின் கறுப்பினப் பெண்கள், வரி என்றும் எழுத்தறிவுச் சோதனை என்றும் தடுக்கப்பட்டு, ஜனாதிபதி ஜான்ஸன் 1965 ஆகஸ்ட் 6-இல் கையொப்பமிட்ட வாக்குரிமைச் சட்டம் வரும்வரை காத்திருந்தார்கள். ஆசியர்களை மணந்த அமெரிக்கப் பெண்களுக்கு இன்னொரு துன்பம். ஜனாதிபதி ஹார்டிங் கையொப்பமிட்ட 1922-ஆம் ஆண்டுச் சட்டம், விவாகத்தால் பெண்ணின் பிரஜாவுரிமை போய்விடாது என்று கூறியபோதிலும், பிரஜையாகும் தகுதியற்ற அந்நியரை மணந்தவளுக்கு அந்தப் பாதுகாப்பை அளிக்கவில்லை. இந்தியர்கள் அத்தகுதியற்றவர்கள் என்று 1923-இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொல்லவே, இந்தியரை மணந்த பெண்கள் பிறந்த நாட்டிலேயே அந்நியரானார்கள். 1931-இல்தான் அச்சட்டம் திருத்தப்பட்டது.

பிற்கால ஜனாதிபதிகளுள் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டைக் குறிப்பிடாமலிருக்க முடியாது. அதற்குக் காரணம் பிரான்ஸிஸ் பெர்கின்ஸ். 1911 மார்ச் 25-ஆம் தேதி நியூயார்க்கில் ஒரு தையல் தொழிற்சாலை தீப்பற்றி, கதவு பூட்டப்பட்டிருந்ததால் வெளியேற வழியின்றிப் பெண்கள் உயர்ந்த ஜன்னல்களிலிருந்து குதித்து மடிந்ததை அவர் தெருவில் நின்று கண்ணாரக் கண்டவர். இறந்தவர்கள் 146 பேர். பெரும்பாலோர் குடியேறி வந்த ஏழை இளம்பெண்கள். 1933-இல் ரூஸ்வெல்ட் தொழில் மந்திரி பதவியை ஏற்க அழைத்தபோது, முதியோர் ஓய்வூதியம், குறைந்தபட்சக் கூலி, வேலைநேர வரம்பு, வேலையில்லாதோருக்கு உதவி, குழந்தைத் தொழில் ஒழிப்பு ஆகியவற்றைக் காகிதத்தில் குறித்துக் கொண்டுவந்து, இவற்றுக்குச் சம்மதமானால் வருகிறேன் என்றார். அமெரிக்காவின் முதல் பெண் மந்திரி அப்படித்தான் பதவிக்கு வந்தார். 1935-இன் சமூகப் பாதுகாப்புச் சட்டமும் 1938-இன் கூலிச் சட்டமும் அந்தக் காகிதத்திலிருந்து பிறந்தவை. வீட்டுவேலைக்காரிகளும் வயல்வேலைக்காரிகளும் அவற்றில் அடங்காமற் போனது பெருங்குறை.

கென்னடி தம் மந்திரிசபையில் ஒரு பெண்ணையும் வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் எஸ்தர் பீட்டர்ஸன் என்ற பெண்மணியின் தூண்டுதலால், 1961 டிசம்பரில் பெண்களின் நிலையை ஆராய ஒரு கமிஷனை நியமித்து, பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் மனைவியார் எலினார் அம்மையாரைத் தலைவியாக்கினார். அம்மையார் அதன் அறிக்கையைக் காணாமலே மறைந்தார். 1963-இல் அவர் பிறந்த நாளன்று அது வெளியாயிற்று. அதே ஆண்டு ஜூன் 10-இல், சம வேலைக்குச் சம கூலி என்ற சட்டத்தில் கென்னடி கையொப்பமிட்டார். மறு ஆண்டின் சிவில் உரிமைச் சட்டத்தில், வேலை கொடுப்பதில் ஆண்-பெண் பேதமும் கூடாது என்ற பிரேரணையைக் கொண்டுவந்தவர், அச்சட்டத்தையே எதிர்த்த வர்ஜீனியா அங்கத்தினர் ஒருவர். சபை சிரித்தது. அங்கத்தினர் மார்த்தா கிரிஃபித்ஸ் எழுந்து, பெண்கள் இரண்டாந்தரப் பிரஜைகள் என்பதற்கு இந்தச் சிரிப்பைவிட வேறு அத்தாட்சி வேண்டுமா என்று கேட்டதும் சிரிப்பு அடங்கிற்று; பிரேரணை நிறைவேறிற்று.

நிக்ஸன் இரு முகங்களோடு காட்சியளிக்கிறார். வேலைக்குச் செல்லும் தாய்மாரின் குழந்தைகளைப் பராமரிக்கும் தேசிய ஏற்பாடு ஒன்றைக் காங்கிரஸ் நிறைவேற்றி அனுப்பியபோது, 1971 டிசம்பரில் அதனை நிராகரித்துத் திருப்பி அனுப்பினார்; அந்த ஏற்பாடு இன்றுவரை அந்நாட்டுக்கு வாய்க்கவில்லை. ஆனால் 1972 ஜூன் 23-இல், அரசாங்கப் பணம் பெறும் கல்வி நிலையங்களில் ஆண்-பெண் பேதம் கூடாது என்று கூறும், கல்விச் சட்டத்தின் ஒன்பதாம் பிரிவில் அவரே கையொப்பமிட்டார். பெண் என்பதால் வைத்தியக் கல்லூரிகளில் இடம் மறுக்கப்பட்ட ஹவாய் அங்கத்தினர் பாட்ஸி மிங்க் அதற்காக அரும்பாடுபட்டவருள் ஒருவர். அப்போது உயர்நிலைப் பள்ளிகளில் விளையாட்டுக் குழுக்களில் இருந்த பெண்கள் 3,00,000-க்கும் குறைவு. இன்று 30,00,000-க்கும் அதிகம்.

சட்டம் ஏட்டில் இருப்பதற்கும் தொழிற்சாலைக்குள் நுழைவதற்கும் எவ்வளவு தூரம் என்பதை லில்லி லெட்பெட்டரின் வழக்கு காட்டுகிறது. அலபாமாவில் ஒரு டயர்த் தொழிற்சாலையில் 1979 முதல் மேற்பார்வை வேலை பார்த்துவந்த அவருக்கு, ஓய்வுபெறும் காலம் நெருங்கிய சமயத்தில், யாரோ பெயர் சொல்லாமல் ஒரு துண்டுச்சீட்டை வைத்துவிட்டுப் போனார்கள். அவர் சம்பளம் மாதம் 3,727 டாலர். அதே வேலை பார்த்த ஆண்களுள் மிகக் குறைவாக வாங்கியவருக்கு 4,286, மிக அதிகமாக வாங்கியவருக்கு 5,236. கென்னடியின் சட்டம் வந்து முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகியிருந்தது. அவர் வழக்குத் தொடுத்து ஜூரிகளின் தீர்ப்பில் வென்றார். ஆனால் 2007-இல் சுப்ரீம் கோர்ட், சம்பள நிர்ணயம் நடந்த 180 நாட்களுக்குள் புகார் செய்யவில்லை என்று, ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தள்ளிவிட்டது. பிறர் சம்பளம் இரகசியமாயிருக்கும் இடத்தில் ஒருத்தி 180 நாட்களுக்குள் எப்படி அறிவாள் என்று நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் தம் மாறுபட்ட தீர்ப்பை ஆசனத்திலிருந்தே உரக்கப் படித்து, சட்டத்தைத் திருத்துமாறு காங்கிரஸை வேண்டினார். குறைந்த சம்பளம் கொடுக்கப்படும் ஒவ்வொரு முறையும் அந்தக் கெடு புதிதாகத் தொடங்கும் என்ற சட்டம், ஒபாமா பதவியேற்றபின் கையொப்பமிட்ட முதற் சட்டம்: 2009 ஜனவரி 29. லெட்பெட்டர் பக்கத்தில் நின்றார். இழந்த கூலியில் ஒரு டாலரும் அவருக்குத் திரும்பவில்லை. அதை அறிந்தேதான் அவர் பிற பெண்களுக்காகப் பாடுபட்டார்.

நீதிபதி நியமனமும் ஜனாதிபதியின் கையிலுள்ள பெரிய ஆயுதம். ஆண்-பெண் சமத்துவத்துக்காகப் பிரேரிக்கப்பட்ட, பின்னர் நான் சொல்லப்போகும் திருத்தத்தை எதிர்த்த ரீகனே, 1981-இல் சான்ட்ரா டே ஓ'கானரைச் சுப்ரீம் கோர்ட்டின் முதல் பெண் நீதிபதியாக்கினார். கருக்கலைப்பு உரிமையை 1973-இல் ஏற்றுக்கொண்ட அதே நீதிமன்றம், டிரம்ப் நியமித்த மூன்று நீதிபதிகளும் சேர்ந்த பெரும்பான்மையால், 2022 ஜூன் 24-இல் அதனை நீக்கிவிட்டது. உயர்பதவிகளைப் பொறுத்தவரையில், 2021-இல் உப ஜனாதிபதியான முதல் பெண் கமலா ஹாரிஸ். அவருடைய தாய்வழிப் பாட்டனாரின் பூர்வீகம் நம் மன்னார்குடிக்கு அருகிலுள்ள துளசேந்திரபுரம். அவ்வூர்க் கோயிலில் அன்று நடந்த பூஜையைப் பத்திரிகை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஜனாதிபதி பதவிக்கு 2016-இல் ஹிலாரி கிளின்டனும் 2024-இல் ஹாரிஸும் நின்று தோற்றார்கள்.

ஆலிஸ் பால் வாக்குரிமையோடு ஓய்ந்துவிடவில்லை. சட்டத்தின் முன் ஆணும் பெண்ணும் சமம் என்று கூறும் தனித் திருத்தத்தை அவர் எழுத, 1923-இல் அது காங்கிரஸில் முதன்முதலாகப் பிரேரிக்கப்பட்டது. 1971 அக்டோபரில் பிரதிநிதிகள் சபையும் 1972 மார்ச்சில் செனட்டும் அதை நிறைவேற்றின. ஜனாதிபதி ஃபோர்டின் மனைவி பெட்டி ஃபோர்டு அதற்காக வெள்ளை மாளிகையிலிருந்தே தொலைபேசியில் சட்டசபை அங்கத்தினர்களை வற்புறுத்தினார். மாகாணங்களின் ஊர்ஜிதத்துக்கு விதித்த கெடுவைக் காங்கிரஸ் நீட்டித்த தீர்மானத்தில், தம் கையொப்பம் தேவையில்லை என்பதை அறிந்தும் கார்ட்டர் கையொப்பமிட்டார். 1982 ஜூன் 30-ஆம் தேதி கெடு முடிந்தபோது, வேண்டிய 38 மாகாணங்களுக்கு 35 மட்டுமே வந்திருந்தன. மேலும் மூன்று மாகாணங்கள் 2017-க்கும் 2020-க்கும் இடையில் ஊர்ஜிதம் செய்தன. ஜனாதிபதி பைடன் பதவி நீங்குவதற்கு மூன்று நாள் முன்னதாக, 2025 ஜனவரி 17-இல், அது சாசனத்தின் இருபத்தெட்டாவது திருத்தமாகிவிட்டதென்றே தாம் நம்புவதாக அறிவித்தார். ஆவணக் காப்பகத்தின் தலைவர், கெடு கடந்துபோனதைக் காட்டி, அதைப் பிரசுரிக்க இயலாது என்று முன்னரே சொல்லியிருந்தார், பிரசுரிக்கவுமில்லை.